படியில் ஒரு பிடி மல்லாட்டை

அத்தை, கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை அப்படியே எழுதப்போகிறேன். கதை கட்டுகிறவள் என்று என்னைக் கேலி செய்வாயே, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இன்று காலை எங்கள் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றது. ஜன்னலுக்குக் கீழே, 'வேர்க்கடலை' என்று எழுதிய தள்ளுவண்டியில் ஒருவர் மணலில் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்ததும் உன் மஞ்சள் பையும், அதன் அடியில் எப்போதும் கிடக்கும் மல்லாட்டைத் தோலும் நினைவுக்கு வந்தன. ஒரு பொட்டலம் வாங்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். நாங்கள் போய்க்கொண்டிருந்தது திண்டிவனத்துப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு. ஊர் ஊராகப் பழைய பொருள்கள் கேட்டு வந்தவர்களிடம் உன் நெல்லளக்கும் படியைக் கொடுத்தாயே, அந்த இடம்.

போன வருடம் நாம் இருவரும் அதைப் பார்க்கப் போனோம். கண்டாச்சிபுரத்திலிருந்து பேருந்து மாறி மாறி, புதுப் புடவை கட்டிக்கொண்டு, கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போகிறவள் போல வந்தாய். அந்த ஓட்டு வீட்டுக்குள் கலப்பை, நுகத்தடி, முறம், உரல் என்று ஏதேதோ இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்ததை நான் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். உன் காதில் எதுவும் விழவில்லை. நீ படியைத் தேடிக்கொண்டிருந்தாய்.

பித்தளைப் பூண் போட்ட உன் படி ஒரு பலகையின் மேல் கவிழ்ந்து கிடந்தது. உன் முகம் வாடிவிட்டது. நம் வீட்டில் படியைக் கவிழ்க்க மாட்டோம். அளந்து முடித்தாலும் அடியில் ஒரு பிடி விட்டுவைப்போம். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், படியை நிமிர்த்தி, பையிலிருந்த மல்லாட்டையை ஒரு பிடி அள்ளிப் போட்டாய்.

காப்பாளர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? எலி வந்து எல்லாத்தையும் கடிச்சி வெச்சிடும்."

"வெறும் படியக் கவுத்து வெச்சிக்கினு எப்டி தம்பி உனக்கு சோறு எறங்குது?"

உள்ளே தூசி சேரக்கூடாது என்றுதான் கவிழ்த்தாராம். பொருள்களுக்குள் எதையும் போடக்கூடாது என்பது அங்கே விதியாம். அப்படியானால் என் படியை நானே எடுத்துப் போகிறேன் என்று நீ அதை இடுப்பில் வைத்துக்கொண்டாய். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். மல்லாட்டை இருக்கட்டும், ஆனால் நீ பஸ் ஏறியதும் எடுத்துவிடுவேன் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் "எடுத்திருப்பானாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். தை மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோதும், கஞ்சி கொண்டுவந்த என்னிடம் அதையே கேட்டாய். அதற்குப் பிறகு கேட்க நீ இல்லை.

அதனால்தான் இன்று வரிசையை விட்டு விலகி நேராகப் படியிடம் போனேன். நிமிர்ந்து நின்றது. உள்ளே விளிம்புவரை மல்லாட்டை.

காப்பாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அத்தை வரவில்லையா என்றார். சொன்னேன். தோளில் கிடந்த துண்டால் படியின் பூணைத் துடைத்தார்.

"அன்னிக்கே எடுக்கலாம்னுதான் கைய வெச்சேன் பாப்பா. மனசு வரல. இப்ப வர்ற பசங்கல்லாம் தின்னுட்டுப் போறாங்க. நான்தான் வாங்கி வாங்கிப் போட்டுக்கினு இருக்கேன். உங்க அத்தையால எனக்குப் பேஜாரு."

எலி வந்ததா என்று கேட்டேன். இந்தப் பசங்க எலிக்கு எங்கே மிச்சம் வைக்கிறார்கள் என்றார்.

எடுக்கவில்லை, அத்தை.

என் பங்குக்கு ஒரு பிடி போட்டேன். நீ போனதிலிருந்து நான் டிபன் டப்பாவைக்கூடக் காலியாக மூடுவதில்லை. கழுவித் துடைத்து, ஒரு மல்லாட்டையாவது போட்டுத்தான் மூடுகிறேன். அம்மா சிரிக்கிறாள், ஆனால் அதை எடுப்பதில்லை.

கிளம்பும் நேரத்தில் காப்பாளர் ஜன்னல்களைச் சாத்தி, விளக்குகளை அணைத்தார். இருட்டில் மல்லாட்டை உடைபடும் சத்தம் கேட்டது. யாரது என்று ஆசிரியை அதட்டினார். நடந்ததை அப்படியே எழுதுவதாகச் சொன்னேனே, அத்தை: அது நான்தான்.