பச்சை மருந்தை நிறுத்தச் சொன்னவன் நான்

என் ஆசைத் தம்பி இந்திரனுக்கு,

ஊரிலே, இலங்கையில், பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற சனம் ஜனாதிபதியைத் துரத்திவிட்ட வருடம் அது. இங்கே லண்டனில் பூங்காப் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்துபோனது. வெயிலில் தண்டவாளம் வளைந்துவிடும் என்று ரயிலை நிறுத்திய கோடை. புரட்டாதியில் மகாராணி செத்தா. ஐப்பசியில் எங்கள் அம்மா. மார்கழியில், பனி கொட்டிய கிழமை, நீ.

எழுத்துத் தெரியாதவன் வருடத்தை இப்படித்தான் பிடித்து வைத்திருப்பான். ஆனால் யார் எந்தக் கதிரையில் இருந்தது, யார் என்ன சொன்னது என்பதெல்லாம் எனக்கு அப்படியே கிடக்கிறது. மறந்துபோகட்டும் என்று விட்டவைதான் கூடத் துலக்கமாக இருக்கின்றன.

ரெய்னர்ஸ் லேன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து நான் சொல்லச் சொல்ல, உன் மகள் கௌசி எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போனவள் இப்போது கவுன்சிலில் வேலை பார்க்கிறாள். திவசத்துக்குப் பேப்பரில் போட ஒரு கடிதம் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். திவசத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. அதுவரைக்கும் என்னால் பொறுக்க ஏலாது.

முதலில் ஒரு பொய்யை எடுத்துவிடுகிறேன். நீ போனபோது போட்ட அறிவித்தலில் "மாரடைப்பால் காலமானார்" என்று இருந்தது. அப்படிப் போடச் சொன்னது நான். என்னால் வாசிக்க முடியாது என்பதால், அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று திவசத்துக்கும் அதே வரியைத்தான் சனம் நம்பிக்கொண்டிருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப்போகிறேன், தம்பி. வாசிக்கிற ஆட்களுக்காகப் பொறுத்துக்கொள்.

மொத்தக் கடையில் அரிசி மூட்டை தூக்கி உன் முதுகு பிடித்துக்கொண்டது. நோவுக்கு டொக்டர்மார் குளிசை தந்தார்கள். குளிசையை நிறுத்தியபோது உன்னால் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. யாரோ போதைத் தூளைக் காட்டினார்கள். அதன்பிறகு சுப்பர்மார்க்கெட்டில் இறைச்சிப் பொதிகளைச் சட்டைக்குள் வைத்துப் பிடிபட்டாய், ஒரு தரமல்ல. அந்த நீதவான் அம்மா உன்னைச் சிறைக்கு அனுப்பவில்லை. சிகிச்சைக்குப் போகவேண்டும், மாதம் ஒருமுறை தன் முன்னால் வந்து நிற்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னா. கிளினிக்கில், தூளுக்கு ஏங்காமல் உடம்பைப் பிடித்து வைக்கிற மெதடோன் மருந்து எழுதித் தந்தார்கள். பச்சை நிறத் தண்ணீர். ஒவ்வொரு காலையும் கெமிஸ்ட் கடையில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் குடிக்கவேண்டும்.

"கோயில்ல தீர்த்தம் வாங்கிற மாதிரித்தான் அண்ணை," என்பாய். "கையை நீட்டி வாங்கி, குனிஞ்சு குடிச்சிட்டு, ஒண்டும் கதைக்காமல் வரோணும்."

நான் சிரிக்கவில்லை. கோயிலையும் அதையும் ஒன்றாய்ச் சொல்கிறானே என்று கோபித்தேன்.

மாதாமாதம் நானும் கௌசியும் உன்னோடு கோட்ஸுக்கு வந்து, நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் இருப்போம். நீதவான் சொல்வதை அவள் என் காதுக்குள் தமிழில் சொல்வாள். எத்தனை நாள் கெமிஸ்டுக்குப் போனீர் என்று அவ கேட்பா. ஒரு நாளும் விடவில்லை என்பாய். நல்லது என்பா. பள்ளிக்கூட ரீச்சர் போல முகம் மலரும் அவவுக்கு.

"குடிச்சதுக்கும் பாராட்டே?" என்று நான் கேட்டேன்.

"சும்மா இருங்கோ பெரியப்பா."

ஒரு தரம் நீயே அவவிடம் கேட்டாய், இந்த மருந்தை நான் எப்போது விடவேண்டும் என்று. அதற்கு அவ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அது உமக்கும் டொக்டருக்கும் இடையில் உள்ள விஷயம், இந்த நீதிமன்றத்தைச் சந்தோசப்படுத்த ஒருவரும் மருந்தை விடத் தேவையில்லை, தூளை விட்டால் போதும் என்றா. கௌசி அதைச் சொல்லும்போது அவள் குரல் இளகியிருந்தது. எனக்கு விளங்கியது வேறு. கோட்ஸே தூள் குடுக்குது என்று வீட்டில் வந்து உன் அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். நீ படியேறி மேலே போய்விட்டாய்.

எட்டு மாதம் நீ தூளைத் தொடவில்லை. உன் கன்னத்தில் சதை வைத்தது. அம்மாவை நீதான் குளிக்க வார்த்தாய். அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் எனக்கு அந்தப் பச்சைதான் கண்ணுக்குள் நின்றது.

அம்மா போன அன்று பின்னேரம், முன்னறையில் நீ ஸ்டூலில் இருந்தாய். நான் சோபாவில். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான், மூத்தவன். அம்மாவுக்குக் கடைசி மகன்தான் வைக்கவேண்டும். இங்கே கொள்ளி என்பது சுடலையில் ஒரு பொத்தானை அமத்துவதுதான். ஆனாலும் கொள்ளி கொள்ளிதான்.

"நீதான் வைக்கோணும்," என்றேன். "ஆனா அந்தப் பச்சை ஊறின உடம்போட வைக்க விடமாட்டன்."

"அது மருந்து அண்ணை."

"தூளுக்குப் பதில் தூள். கோட்ஸ் குடுத்தாப்போல மருந்தாகுமே?"

"உதென்ன கதை கதைக்கிறியள்?" என்றாள் அண்ணி. "டொக்டர் குடுத்ததை அவன் குடிக்கட்டும்."

"நீ உள்ளுக்குப் போ."

அவள் போகவில்லை. நீ தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "எத்தினை நாளைக்கு?" என்று கேட்டாய்.

"அந்தியேட்டிக் கிரியை வரைக்கும். முப்பத்தொரு நாள். பெத்த தாய்க்காண்டி இது ஏலாதே உனக்கு?"

"ஏலும்," என்றாய்.

அடுத்த நாள் நீ கெமிஸ்டுக்குப் போகவில்லை. கிளினிக்குக்கும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூன்றாம் நாள் உனக்கு வேர்த்துக் கொட்டியது, நடுங்கினாய், வயிற்றால் போனது, கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் உதைத்துக்கொண்டு கிடந்தாய். நான் மல்லித்தண்ணி வைத்துக் கொண்டுவந்தேன். நஞ்செல்லாம் வெளியில் போகிறது என்று உனக்குச் சொன்னேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று உனக்கு விளங்குமா?

செத்தவீட்டன்று சுடலையில் வெள்ளை வேட்டியோடு நிமிர்ந்து நின்று பொத்தானை அமத்தினாய். கடைசிப் பெடியன் என்ன பக்தியாய் நிக்கிறான் என்று சனம் சொல்லிற்று. நான் மீசையைத் தடவினேன்.

அந்தியேட்டி முடிந்து சில நாளில் நீதிமன்றத் தவணை வந்தது. உன் பரிசோதனைத் தாள் அவவின் கையில் இருந்தது. தூளும் இல்லை, மருந்தும் இல்லை. நான் நினைத்தேன், இன்றைக்குத்தான் பெரிய பாராட்டு என்று. அவ பாராட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உன்னைப் பார்த்தா. ஏன் நிறுத்தினீர் என்று கேட்டா.

அம்மா செத்துப்போனா, அவவுக்காக, என்றாய்.

அவ தலையை ஆட்டினா. பிறகு மெல்லக் கேட்டா. கௌசி என் காதுக்குள் சொன்னாள்: "யாரும் நிப்பாட்டச் சொன்னவையோ எண்டு கேக்கிறா, பெரியப்பா."

நான் நீதவானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவும் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. "யாரும் உங்களை நிப்பாட்டச் சொன்னவையோ எண்டு அப்பாவைக் கேக்கிறா." எனக்குக் காது மந்தம், அதனால்தான் இரண்டு தரம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நீ திரும்பிப் பார்க்கவேயில்லை. ஒருவரும் சொல்லவில்லை, என் சொந்த முடிவு என்றாய்.

எழும்பி நின்று, நான்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு இங்கிலீசு தேவைப்பட்டிருக்காது. கையை உயர்த்தினால் போதும். என் கை மடியில் கிடந்தது.

அவ உன்னை ஏசவில்லை, தண்டிக்கவும் இல்லை. பயமாக இருக்கிறது என்றா. மருந்தை விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது, ஒரு தரம் சறுக்கினாலும் உயிர் போகும், இன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள் என்றா. அங்கேயே போன் பண்ணி, பின்னேரம் மூன்று மணிக்கு நேரம் எடுத்துத் தந்தார்கள்.

அன்றைக்குத்தான் அந்தியேட்டிக்கு வந்த கனடாச் சொந்தங்கள் திரும்பிப் போகிற நாள். அவர்களை வழியனுப்ப நீ வீட்டில் நிற்கவேண்டும் என்றேன். "எங்கை இந்திரன் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? நாளைக்குப் போ." பஸ்ஸில் வைத்து இன்னும் ஒன்று சொன்னேன். "இவ்வளவு நாள் நிண்டிட்டாய். இனி ஏன்ரா பழையபடி?"

நாளைக்கு என்றது அடுத்த கிழமை ஆனது. அந்தக் கிழமை பனி கொட்டியது. ஒரு இரவு நீ பழையபடி தூளைத் தொட்டாய், பழைய அளவிலேயே. காலையில் குளியலறைக் கதவைத் தட்டினது கௌசி. அதற்கு மேல் அவளை எழுத வைக்க எனக்கு மனமில்லை.

உன் கொள்ளியை உன் ஒரே பிள்ளை கௌசிதான் வைத்தாள். உன் அந்தியேட்டியன்று, எல்லோரும் சாப்பிடப் போனபின், ஐயரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். மெதடோன் மருந்து குடிக்கிற ஒருவன் தாய்க்குக் கொள்ளி வைக்கலாமா என்று.

"மருந்துக்கு என்ன துடக்கு, என்ன தீட்டு?" என்றார் அவர். "நான் ஒவ்வொரு நாளும் வயித்தில இன்சுலின் ஊசி போட்டுட்டுத்தான் பூசைக்கு வாறன். ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்றேன். நீ நீதவானுக்குச் சொன்ன அதே பதில். ஆனால் என்னுடையது உண்மை. ஒரு சாத்திரமும் சொல்லவில்லை, ஒரு ஐயரும் சொல்லவில்லை. முன்னமே அவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் உன் விஷயம் வெளியில் வரும் என்று கேட்கவில்லை. சனத்துக்குப் பயந்து நான் போட்ட சட்டத்துக்குச் சாமியின் பேரை வைத்தேன்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். போன வெள்ளி வெஸ்ட் ஈலிங் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற மனிசன் பக்கத்தில் நின்றவருக்குக் குரலைத் தணித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். தன் மகனும் கோட்ஸுக்குப் போய் வருகிறானாம், கெமிஸ்டில் மருந்தாம். "கந்தசட்டி ஆறு நாளும் அதைத் தொடக்கூடாது, பிறகு அப்பிடியே விட்டிடோணும் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டன்," என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை எனக்குத் தெரியும். மல்லித்தண்ணிக் கோப்பையோடு படியேறிய என் சந்தோசம் அது.

நான் வாய் திறக்கவில்லை, தம்பி. சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். திரும்பவும் என் கை மடியில் கிடந்தது.

கந்தசட்டி தொடங்க இன்னும் பத்து நாள்கூட இல்லை.

இந்த இடத்தில் கௌசி பேனையை வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் பெரியப்பா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள்தான் நிப்பாட்டச் சொன்னனீங்கள் எண்டு. அப்பம்மா செத்த அண்டைக்குப் பின்னேரமே அப்பா மேல வந்து சொன்னவர். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியமும் வாங்கினவர்."

"அப்ப கோட்ஸில...?"

"ஏன் ரெண்டு தரம் சொன்னனான் எண்டு நினைக்கிறியள்? எனக்கு வாய் திறக்கேலாது. நீங்கள் எழும்புவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

நாலு வருடமாக அவள் எனக்குச் சோறு போட்டுத் தருகிறாள், தம்பி. சீனி வருத்தக் குளிசையை நேரத்துக்கு எடுத்து வைக்கிறாள். அண்ணி போன வருடம் போனபின் என்னைத் தனியே விட்டுப் போகவும் இல்லை. ஒரு நாளாவது ஒரு சொல் சொன்னதில்லை. அதை நான் எந்தக் கணக்கில் எடுப்பது?

இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இந்திரன். இந்த வெள்ளி நேரத்தோடு போய்ச் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நிற்பேன். அந்த மனிசன் வந்ததும் கையைப் பிடிப்பேன். என் தம்பிக்கு மாரடைப்பு வரவில்லை என்று சொல்லித்தான் தொடங்குவேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும். அதன்பிறகு அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போனாலும், அடுத்த நாளும் போவேன். கௌசி தானும் வருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். இந்த முறை ஒருவரும் எனக்கு இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. உன் திவச அறிவித்தலில் அந்தப் பொய் வரி இனி இருக்காது. விரல் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

மன்னிப்பு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ குடுத்துவிடுவாய், அதுதான் பயம். அம்மா இல்லை. நீ இல்லை. உள்ளுக்குப் போ என்று நான் சொல்லியும் போகாமல் நின்ற அண்ணியும் இல்லை. நான் சொன்னதை அறிந்தவர்களில், வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வீடு திரும்பும்போது கதவைத் திறந்து, சொன்னனீங்களோ பெரியப்பா என்று கேட்க மிச்சம் இருப்பது ஒருத்திதான். கௌசி.

உன் கூடப்பிறந்த அண்ணை