அத்தான் கைதான கதையை நான் கெடுத்த விதம்

மார்ச் 4, செவ்வாய்

இந்தப் பக்கத்தில் நான் எழுதப் போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். இதை வலது கையை இடது நெஞ்சில் வைத்து, எழுந்து நின்று சத்தியமாகச் சொல்கிறேன். நின்றபடி எழுத வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்கள் காலையில் செய்தித்தாள் படிப்பார்கள். நான் காவல் நிலையத்துச் சுவரைப் படிப்பவன். யாரைக் கைது செய்தாலும் பெயர், வயது, தெரு, என்ன குற்றச்சாட்டு என்று எழுதி வாசல் பலகையில் ஒரு வாரம் ஒட்டிவைக்க வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். யாரும் பார்க்கலாம். பழசு வேண்டுமென்றால் உள்ளே கவுன்டரில் நகல் வாங்கலாம். எதற்கு என்று அவர்கள் கேட்கக்கூடாது. அங்கே படித்துவிட்டு நேரே சலூனுக்கு நடப்பேன். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் சைக்கிள் திருடியவன் கப்பல் திருடியவனாக வளர்ந்திருப்பான். கேட்கிற சுவாரசியத்தில் சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிடுவார். பாதி மீசையோடு வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

இன்றைக்குப் பலகையில் மூன்றாவது வரி. எங்கள் தெரு. எங்கள் கதவு எண். அத்தானின் பெயர்.

‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது.’

அத்தானா? என் அக்காவின் கணவரா? ஒரு வண்டிகூட இல்லாத சாலையில் சிவப்பு விளக்குக்காக நடுவெயிலில் நிற்கும் மனிதர். நான் பத்துப் பேர் வந்தார்கள் என்றால், சாப்பிடுவதை நிறுத்தி, “எட்டு” என்று திருத்துபவர்.

சலூனுக்குப் போகவில்லை. சலூன்காரர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்.

மார்ச் 5, புதன்

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு கார், இரண்டின் கூரையிலும் ‘பொறுமை, ஒழுக்கம், பாதுகாப்பு’ என்ற பலகை. காலையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. அவருக்கு மறைக்கத் தெரியாது.

ஸ்கூலுக்கு எதிரே, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டின் மேலேயே போலீஸ் வேன் நின்றிருக்கிறது. ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுச்சாலையில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருந்திருக்கிறது. இவர் போய், வண்டியை எடுங்கள் என்றிருக்கிறார். “நீ யாருய்யா சொல்றதுக்கு?” என்றாராம் அதிகாரி. உடனே இவர் வேனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

“நகருன்னாங்க. நான் நிக்கறது நடக்கறவங்க இடம், வண்டிதான் நகரணும்னேன். என்னை வேன்ல ஏத்திட்டாங்க. சாயங்காலம் ஜாமீன்ல விட்டாங்க.”

“அக்காகிட்ட சொன்னீங்களா?”

“அவ கேக்கல.”

அத்தான் சொல்லக்கூடிய ஆகப் பெரிய பொய் இதுதான்: கேட்காததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பலகையைப் படம் பிடித்து, ‘நம் பாதுகாப்பு கருதி’ என்று போன் குழுவில் போடுவார். அவர் மகன் இன்னும் டெஸ்ட்டுக்குத் தயாராகவில்லை என்று அத்தான் முகத்துக்கு நேரே சொன்ன நாளிலிருந்து அவருக்குப் புகைச்சல். அந்தப் படம் வந்தால் எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள்? இரண்டு காரும் கோழி அடைகாக்கத்தான் உதவும்.

மார்ச் 6, வியாழன்

கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் அம்மாளுக்கு நான் வைத்த பெயர் கண்ணாடி அம்மாள். அவர் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாரோ.

“மேடம், அந்த மூணாவது பேரை எடுக்க முடியுமா?”

“முடியாது.”

“கொஞ்சம் மங்கலா?”

“சார், இது எல்லாரும் பாக்கறதுக்கு உள்ள பதிவு. ஆளைப் புடிச்சு யாருக்கும் தெரியாம உள்ள வச்சிடக் கூடாதுன்னுதான் வெளிய ஒட்டறதே. நாளைக்கு உங்களைப் புடிச்சா உங்க அக்கா எங்க போய்த் தேடுவாங்க?”

என்னை உதாரணம் காட்டியது பிடிக்கவில்லை. நியாயம் மட்டும் உறைத்தது.

“கைதானாலே குத்தவாளின்னு நினைப்பாங்களே?”

“கடைசியா ஒரு கட்டம் இருக்கு பாருங்க, முடிவுன்னு. கோர்ட்ல விட்டுட்டா, அந்த உத்தரவு நகலோட வந்து மனு குடுத்தா அதுல ஏத்துவோம். எடுக்கத்தான் முடியாது, சேக்கலாம்.”

“தானா ஏறாதா?”

“யாராவது வரணும்.”

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாள் படித்தும் அந்தக் கடைசிக் கட்டம் என் கண்ணில் பட்டதே இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளை. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், போன மாதம் சைக்கிள் திருடினாரே ஒருவர், அவர் என்ன ஆனார் என்று.

“அது அவரோட சைக்கிளே. சாவி தொலைஞ்சு பூட்டை உடைச்சிருக்கார். அன்னிக்கே அனுப்பிட்டோம். முடிவு எழுத அவர் வரல.”

நான் அவரைக் கப்பலோடு நடுக்கடல்வரை அனுப்பியிருந்தேன். திரும்பும்போது சலூனைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

விடிந்ததும் மூளையில் விளக்கு எரிந்தது! அழிக்க முடியாதாம், சேர்க்கலாமாம். சரி, சேர்க்கிறேன். உண்மையின் மேல் இவ்வளவு உயரத்துக்குப் புளுகைக் கொட்டுகிறேன், அடியில் உண்மை கிடப்பதே எவனுக்கும் தெரியக்கூடாது. செயலாளர் முந்துவதற்குள் நான் முந்த வேண்டும்.

சலூன் நிறைந்திருந்தது. ஆரம்பித்தேன். அத்தானைப் பிடிக்க நாற்பது போலீஸ் வந்தார்கள். அசைக்க முடியவில்லை. கிரேன் வந்தது, சங்கிலி அறுந்தது. ஹெலிகாப்டரிலிருந்து கயிறு இறக்கினார்கள், அத்தான் மேலே பார்த்து, “இண்டிகேட்டர் போடாம திரும்பறியே?” என்றார், அது பயந்து போய்விட்டது. கடைசியில் அவர் நின்ற தாரையே சதுரமாக வெட்டி, அவரோடு சேர்த்து வேனில் ஏற்றினார்கள். ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “டிரைவர் தம்பி, பெல்ட் போட்டுட்டு எடுங்க.” டிரைவர் போட்டுக்கொண்டான்.

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். தெருவுக்கே நான் மாமா. “மாமா, ஹெலிகாப்டரைக்கூட நம்பறேன். போலீஸ் டிரைவர் பெல்ட் போட்டான்னீங்க பாருங்க, அதுதான் ரொம்ப ஓவர்.”

மாலையில் செயலாளரின் படம் குழுவில் வந்தது. கீழே வந்தவை: ‘ஹெலிகாப்டர் எங்கே?’ ‘மாமா புளுகை அச்சடிக்கவே ஆரம்பிச்சிட்டாரா?’ சிரிப்பு முகங்கள், வரிசை வரிசையாக.

மார்ச் 8, சனி

செயலாளர் கவுன்டரில் மனு கொடுத்து, முத்திரை குத்திய நகலையே வாங்கிவந்து காட்டினாராம். “முத்திரை நல்லா இருக்கே, மாமா எங்க செய்யக் குடுத்தார்?” என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிலை வைக்க இடம் பார்க்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

சிலை வேண்டாம்.

அத்தான் முடிவெட்டிக்கொள்ள வந்தார். நானும் இருந்தேன். போர்வையைக் கழுத்தில் கட்டும்போதே சலூன்காரர், “சார், நாற்பது போலீஸாமே?” என்றார்.

“ரெண்டு பேர்” என்றார் அத்தான். “கிரேன் கிடையாது. வேன் கோட்டு மேல நின்னுது. நான் முன்னாடி நின்னேன். கைது பண்ணாங்க. ஏப்ரல் ரெண்டாந்தேதி கோர்ட்ல கேஸ்.”

கடையே சிரிப்பில் வெடித்தது. சலூன்காரருக்குக் கண்ணில் தண்ணீர். “மூஞ்சியப் பாருங்க, கொஞ்சமாவது சிரிப்பு வருதா! மச்சினனைத் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க சார்!”

அத்தான் கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என் முகம்.

திரும்பி நடக்கும்போது கேட்டார். “நான் உண்மையத்தான சொன்னேன்?”

“ஆமா அத்தான்.”

“அப்புறம் ஏன் நம்பல?” அவரே சொன்னார்: “இத்தனை வருஷம் ஒரு பொய்கூடச் சொல்லாம சேத்து வச்சது, மாப்ள. ஒரு முடிவெட்டுல போச்சு.”

நான் என்னய்யா செஞ்சிட்டேன்? கார் ஓடுது, பிள்ளைங்க வருது, ஸ்கூல் தப்பிச்சுது — அதுக்குத்தானே செஞ்சேன்? பேரைக் காப்பாத்தறேன்னு போய் அந்த மனுஷன் வாக்கைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேனே.

மார்ச் 12, புதன்

சமையலறையில் அக்கா, திரும்பாமலே: “டேய், அந்த ஹெலிகாப்டர் என்ன கலர்டா?”

“அக்கா…”

“எனக்கு எல்லாம் தெரியும். அன்னிக்கு லேட்டா வந்தார், காரணம் சொல்லல. மறுநாளே கவுன்டர்ல போய் நகல் வாங்கிட்டேன். ஏன்னுகூடக் கேக்கல. நல்ல சட்டம்.”

“அத்தான்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா சொல்லிடுவார். கேக்காமலே வந்து சொல்றாரான்னு பாக்கறேன்.” கரண்டியை என் பக்கம் நீட்டினாள். “நீ கெடுத்ததை நீதான் சரிபண்ணணும்.”

மார்ச் 14, வெள்ளி

சலூனில் உண்மையைச் சொன்னேன். முழுசாக, துளிப் பொய்கூட ஒட்டாமல். அத்தான் சொன்னது நிஜம் என்றேன். சைக்கிள்காரர் உடைத்தது அவருடைய சொந்தப் பூட்டு என்றும் சொன்னேன்.

“மாமா சரக்கு தீந்துபோச்சு” என்றார் சலூன்காரர்.

மார்ச் 27, வியாழன்

சிரைக்க வருகிறவர்களிடமெல்லாம் சத்தியம் செய்கிறேன். சத்தியம் செய்யச் செய்ய அதிகமாகச் சிரிக்கிறார்கள். கடைசியில் சலூன்காரரிடம் பந்தயம் கட்டினேன்: நீரே கோர்ட்டுக்கு வாரும், கேஸ் இல்லையென்றால் இனி என் வாயைத் திறக்கமாட்டேன். கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். நான் வாயை மூடுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

ஏப்ரல் 2, புதன்

வந்தார். கோர்ட் பெஞ்சில் அவர், அந்தப் பக்கம் செயலாளர், நடுவில் நான். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் கூண்டில் நின்றதும் சலூன்காரரின் வாய் திறந்தது, மூடவில்லை.

பெண் நீதிபதி. வேன் எங்கே நின்றது என்று அத்தானிடம் கேட்டார். “முன் சக்கரம் ரெண்டும் கோட்டு மேல, பின் சக்கரம் வெளியில.” அதிகாரி, ஓரமாகத்தான் நின்றது என்றார். வேன் டிரைவரைக் கூப்பிட்டார்கள். இளைஞன், அதிகாரியைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான்.

“கோட்டு மேலதாங்க நின்னுது.”

“அவர் ஏதாவது தகராறு பண்ணினாரா?”

“இல்லீங்கம்மா. ஏறினதும் என்னைய பெல்ட் போடச் சொன்னாரு.”

“போட்டீங்களா?”

“போட்டேங்க.”

கேஸ் தள்ளுபடி. கோர்ட்டே சிரித்தது. சிரிக்காதவர்கள் நான்கு பேர்: அத்தான், அதிகாரி, செயலாளர், சலூன்காரர். சலூன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாமா… பெல்ட்டுமா?”

வெளியே வந்ததும், “சார் சொன்னா சொன்னதுதான்” என்று தெரு முழுக்கச் சலூன்காரரே சொல்லிக்கொண்டு போனார். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. தொழில் தெரியாதவர்.

வீட்டில் அத்தான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று அக்காவிடம் தொடங்கினார். அக்கா கேட்காமலே. நான் மாடிக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

உத்தரவு நகலோடு, மார்பை நிமிர்த்திக்கொண்டு கண்ணாடி அம்மாளிடம் போனேன். முடிவு ஏற்கனவே ஏறியிருந்தது. “உங்க அக்கா அன்னிக்கே வந்துட்டாங்க.” என் புறப்பாடு வீணாகக் கூடாதே, சைக்கிள்காரருக்காக நான் மனு கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் கையெழுத்து வேண்டுமாம். தெருப் பெயர் பதிவிலேயே இருக்கிறது. நாளைக்குப் போகிறேன். முதலில் கப்பல் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் அத்தான் கேட்டார். “பெல்ட் விஷயம் உனக்கு யார் சொன்னா? நான் சொல்லலையே.”

“யாரும் சொல்லல அத்தான். நானா விட்டதுதான்.”

கார் சாவியை ஆணியில் மாட்டினார். “பரவாயில்ல. என்னைத் தெரிஞ்சுதான் வச்சிருக்க.”

ஆகவே, இந்தக் கதையில் நாற்பது போலீஸ் பொய், கிரேன் பொய், ஹெலிகாப்டரும் தாரைச் சதுரமாக வெட்டியதும் பச்சைப் பொய். பெல்ட் மட்டும் நிஜம். எனக்கே தெரியாமல் நடந்துவிட்டது.