இடது தோள் பொக்கெற்

பார்க் எக்ஸ்டென்ஷன்
9 மார்ச் 2024

அன்புள்ள மாமிக்கு,

வேறு எப்படி அழைப்பது என்று ஒரு கிழமை யோசித்தேன். மிஸிஸ் நீக்கிலாப்பிள்ளை என்று எழுதிப் பார்த்தேன். வங்கியில் இருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

போனில் எழுதினால் உங்கள் வீட்டு ரப்லெட்டிலும் தெரியும். நிஷான் பார்ப்பார். அதனால் காகிதம். சனிக்கிழமைகளில் நீங்கள் நிரோஜா அக்காவின் புடவைக் கடைக்கு வந்து தையல் வேலை எடுத்துப் போவது எனக்குத் தெரியும். இந்தப் பைக்குள் இருப்பது பிளவுஸ் அல்ல. மோட்டார் சைக்கிள் ஓடும்போது போடுகிற ஜக்கெற்.

ஓம், ஓடப்போவது நான்தான். ஏப்ரலில்.

கர்க்லாண்டில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அவருக்கு நீளக் கை. முழங்கையில் இருக்க வேண்டிய பொக்கெற் எனக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. அதற்குள்தான் அடி தாங்கும் துண்டு வைப்பது. துண்டு எவ்வளவு நல்லதென்றாலும் மூட்டின்மேல் இல்லாவிட்டால் வீண். பொக்கெற்றை மேலே ஏற்ற வேண்டும். தடித்த துணி. உங்கள் மெஷின் தாங்கும்.

வேறு தையல்காரர் கிடைக்காமல் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பரில், நிஷானுடனான கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, நான் வேண்டாம் என்று சொன்ன அன்று எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. எனக்காகப் பாதி தைத்திருந்த பிளவுஸை மடித்து வைத்தீர்கள். அந்த மடிப்பு எனக்குள் அப்படியே கிடக்கிறது.

இனி நான் உங்களுக்கு யாராவதா? இல்லை என்றால் ஜக்கெற்றை நிரோஜா அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளங்கிக்கொள்வேன்.

றொஷினி


மடு மாதா துணை

லவால்
16 மார்ச் 2024

அன்பான பிள்ளை றொஷினிக்கு மாமி எழுதுவது.

உமது கடிதம் ஜக்கெற்றின் உள் பொக்கெற்றில் இருந்தது. நல்ல காலம், தைக்கும் முன் எல்லாப் பொக்கெற்றையும் தடவிப் பார்க்கிற ஆள் நான். ஃபக்ரறியில் பத்தொன்பது வருடம் குளிர் கோட்டுத் தைத்த பழக்கம்.

"யாற்றை ஜக்கெற் இது?" என்று இவர் கேட்டார். கடையில் இருந்து வந்த வேலை என்றேன். பொய் இல்லைத்தானே. தவக்காலம் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் ஒன்று கேட்கிறேன். நவம்பரில் கேட்காததை இப்போது. இந்த மோட்டார் சைக்கிளுக்காகவா என் பிள்ளையை விட்டீர்? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்தால் நித்திரை வரும்.

பொக்கெற்றை ஏற்றலாம். ஆனால் என்ன வைக்கப்போகிறீர் என்று தெரிந்தால்தான் அளவு வெட்டலாம். இப்போது உள்ளே கிடப்பது சோபாக் குஷனுக்குள் இருக்கிற மாதிரி ஒரு பஞ்சு. விரலால் அமத்தினேன், மறுபக்கம் நகம் தட்டியது. இதை நம்பியா ரோட்டில் போகப்போகிறீர்? நல்ல துண்டாக வாங்கி அனுப்பும். கை அளவும் வேண்டும். கையை நீட்டிக்கொண்டு அளக்காதேயும். ஹாண்டிலைப் பிடிக்கிற மாதிரி மடித்துக்கொண்டு அளவும்.

நீர் எனக்கு யார் என்று எனக்கும் தெரியவில்லை. மெஷினில் கறுப்பு நூல் போட்டுவிட்டேன்.

சிசிலி மாமி


பார்க் எக்ஸ்டென்ஷன்
23 மார்ச் 2024

அன்புள்ள மாமி,

மோட்டார் சைக்கிளுக்காக இல்லை. அந்த எண்ணம் ஜனவரியில்தான் வந்தது.

நிஷானில் பிழை இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே மெத்தை போட்டு வைப்பார். எந்த மூலையும் என்னில் இடிக்காது. இரண்டு வருடம் எதிலும் இடிபடாமல் நடந்தேன். ஒருநாள் எனக்கு உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. இது ஒரு காரணமா? நீங்கள் ஏற்க மாட்டீர்கள். எனக்கே போதவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இப்போதும் முடியவில்லை. மெற்றோவில் இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போகிறேன்.

துண்டுகள். கடையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற தாள்களை மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். சின்ன எழுத்தை வாசிக்காமல் எதையும் வாங்க வராது. கடின பிளாஸ்ரிக் ஓடு போட்டது ஒன்று இருந்தது. பலமானதுதான், ஆனால் கையை மடித்தால் அது மடியாமல் விலகிப் போகிறது. நான் எடுத்தது வளைகிற வகை. பிசைந்த மா மாதிரி இருக்கும். அமத்தினால் விரல் புதையும். அடி விழுகிற கணத்தில் மட்டும் இறுகும். பிறகு பழையபடி.

அதிலும் இரண்டு தரம். லேபிளில் 1 என்று இருந்தால் மெல்லியது, 2 என்றால் தடித்தது, உடம்புக்குப் போகிற அடி இன்னும் குறையும். நான் 2 எடுத்தேன். கைப் பொக்கெற்றைக் கொஞ்சம் அகட்ட வேண்டிவரும். மன்னியுங்கள்.

குளிரில் சில துண்டுகள் பலகையாகிவிடுமாம். இரண்டு வகையை வாங்கிக் காலை முழுக்கப் பல்கனியில் வைத்துப் பார்த்தேன். மைனஸ் எட்டு. ஒன்று வளையவே இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றது வளைந்தது. அதன் லேபிளில் ஒரு கழித்தல் குறி இருக்கிறது, குளிரிலும் சோதித்தது என்பதற்கு. தோளுக்கு இரண்டு, முழங்கைக்கு இரண்டு. அளவும் உள்ளே இருக்கிறது. கையை மடித்துக்கொண்டுதான் அளந்தேன்.

றொஷினி


மடு மாதா துணை

லவால்
6 ஏப்ரல் 2024

அன்பான பிள்ளைக்கு,

ஈஸ்டர் முடிந்தது. கோயிலில் உம்முடைய அம்மாவைக் கண்டேன். இரண்டு பேரும் தூண் பக்கம் திரும்பிக்கொண்டோம். பாவம் அவ.

துண்டுகளைப் பார்த்து முதலில் சிரித்தேன். இந்தக் கொழுக்கட்டை மாவா எலும்பைக் காப்பாற்றும் என்று. பிறகு என் இடது கையைக் குசினி மேசையில் வைத்து, மேலே துண்டை வைத்து, இஞ்சி இடிக்கிற கல்லால் அடித்தேன். முதல் மெல்ல. பிறகு கொஞ்சம் கடுமையாக. நோகவில்லை. சத்தம் கேட்டு இவர் வந்து, "உமக்கென்ன விசரே?" என்றார். அவருடைய கையையும் வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.

முழங்கைப் பொக்கெற் ஏற்றி, அகட்டி, இரட்டைத் தையல் போட்டிருக்கிறது. போட்டுக்கொண்டு கையை மடித்துப் பாரும். துண்டு அசையக் கூடாது. அசைந்தால் திருப்பி அனுப்பும். இடது தோள் பொக்கெற்றின் உள் மடிப்பில் ஒரு சின்னத் தையல் கூடுதலாக இருக்கும். அதைப் பிரிக்க வேண்டாம்.

நிஷான் மெலிந்துபோனான். எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

உமது காரணம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நித்திரை வருகிறது.

மெல்லப் போம்.

சிசிலி மாமி


பார்க் எக்ஸ்டென்ஷன்
11 மே 2024

அன்புள்ள மாமி,

விழுந்துவிட்டேன். பயப்பட வேண்டாம். இந்தக் கையால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. திரும்புகிற மூலையில் குளிர்காலத்து மணல் இன்னும் கிடந்தது. மெதுவாகத்தான் போனேன். பின் சில்லு வழுக்கியது. இடது பக்கம், தோளோடு. முழங்கையில் துணி கிழிந்தது, தோலில் ஒன்றும் இல்லை. உங்கள் பொக்கெற் ஒரு விரல்கூட விலகவில்லை.

தோள் மட்டும் நொந்தது. சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். முட்டை வடிவத்தில் நீலமாக ஒரு கண்டல். சின்னது. விளிம்பு கோடு போட்ட மாதிரி. ரோட்டில் விழுந்தால் இப்படிக் கண்டல் வராது. டொக்டரும் அதைத்தான் கேட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை.

ஜக்கெற்றைக் கழுவத் துண்டுகளை வெளியே எடுத்தேன். இடது தோளில், துண்டுக்கும் என் உடம்புக்கும் நடுவில், சின்னத் துணிப்பையில் மடு மாதா மெடல்.

பிரித்துவிட்டேன் மாமி. இதோடு அனுப்புகிறேன். தயவுசெய்து பிழையாக எடுக்காதீர்கள். வேண்டாம் என்பதால் அல்ல. துண்டு மென்மையாக இருந்து அடியைப் பரப்பிவிடும். அதற்குப் பின்னால் கடினமாக ஏதாவது இருந்தால் அடி முழுக்க அந்த ஒரு இடத்தில் இறங்கும். சின்ன எழுத்தில் இது இருந்தது. உங்களுக்கு எழுதாதது என் பிழை.

அடி தாங்கிய தோள் துண்டையும் மாற்ற வேண்டும். பார்க்க முன்னைப் போலவே இருக்கிறது. ஆனால் இனி அதை நம்பக் கூடாதாம். புதியது வாங்கிப் பைக்குள் வைத்திருக்கிறேன். முழங்கைக் கிழிசலையும் பாருங்கள்.

கோபமா?

றொஷினி


பார்க் எக்ஸ்டென்ஷன்
8 ஜூன் 2024

மாமி,

நான்கு சனிக்கிழமை. நிரோஜா அக்கா என்னைக் கண்டதும் இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறா. மூன்றாம் முறை, "பிள்ளை, அவ வாறா, மற்ற வேலையளை எடுக்கிறா, போறா" என்றா.

ஜக்கெற் இல்லாமல் ஓடவில்லை. நல்ல வெயில். மோட்டார் சைக்கிள் வீட்டின் பின்பக்கம் நிற்கிறது. போய் இருக்கையில் இருந்துவிட்டு இறங்கி வருகிறேன்.

மெடலை அனுப்பியிருக்கக் கூடாதா? அல்லது கண்டலைப் பற்றி எழுதியிருக்கக் கூடாதா? இரண்டில் எது என்று மட்டும் சொல்லுங்கள்.

றொஷினி


லவால்
22 ஜூன் 2024

அன்பான பிள்ளை றொஷினிக்கு,

இரண்டும்தான். ஆனால் பிழை உம்முடையது அல்ல.

அந்த மெடல் என் மாமியார் எனக்குத் தந்தது. மருமகளின் கலியாண பிளவுஸுக்குள் மாமியார் கையால் குத்தி விடுவது எங்கள் வீட்டு வழக்கம். நவம்பரில் உமக்குக் குத்த வைத்திருந்தேன். பிளவுஸ் இல்லை என்றானது. ஜக்கெற் வந்தது. நான் விட்ட வேலையை முடித்தேன். உடம்புக்குக் கிட்ட இருக்கட்டும் என்றுதான் துண்டுக்கு உள்பக்கம் வைத்தேன். காக்க வைத்தது குத்திவிட்டது. உமது கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று கிழமை இந்த ஜக்கெற்றில் ஊசி வைக்கவில்லை. ஒருவருக்கும் காரணம் சொல்லவும் முடியவில்லை.

இன்னொன்று. நிஷானுக்குச் சரிவந்திருக்கிறது. அனோஜினி. நேர்ஸ். அக்டோபரில் கலியாணம். போன ஞாயிறு வந்து என் பக்கத்தில் இருந்து பட்டன் தைத்தாள். நல்ல பிள்ளை. "மாமி, உங்கட வீட்டில மெடல் குத்துறதாமே?" என்று அவளே கேட்டாள். நிஷான் சொல்லியிருக்கிறான். மெடல் அந்த நேரம் என் கையில் இருந்தது, நீர் அனுப்பியதால்.

அவளுக்குத் தெரியாமல் உமக்குத் தைப்பது சரியில்லை. அவளுக்குச் சொல்லிவிட்டுத் தைப்பதும் சரியில்லை. நான் நிறைய யோசித்தேன். இதுதான் கடைசி. இனி எழுதவும் வேண்டாம்.

கிழிசலுக்கு உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறேன். புதுத் தோள் துண்டு பொக்கெற்றுக்குள் இறுக்கமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே கடினமாக ஒன்றும் இல்லை. தடவிப் பாரும். பிறவுண் பேப்பரில் உமது கை அளவும் பொக்கெற் அளவும் வெட்டி வைத்திருக்கிறேன். எந்தத் தையல்காரரிடமும் கொடுக்கலாம். தடித்த ஊசி போடச் சொல்லும்.

சிசிலி


பார்க் எக்ஸ்டென்ஷன்
29 ஜூன் 2024

அன்புள்ள மாமி,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும். பையில்லாமல், காகிதமாக, நிரோஜா அக்காவிடம் கொடுக்கிறேன். இனிச் சனிக்கிழமைகளில் கடைப் பக்கம் வர மாட்டேன்.

மெடலை அனோஜினிக்கு வடிவாகக் குத்தி விடுங்கள். அது போக வேண்டிய இடம் அதுதான். மனதோடு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை முதலில் வாசித்தபோது மேலே வழக்கமான அந்த வரி இல்லை. கீழே மாமி என்ற சொல்லும் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் ஜக்கெற்றைத் தொடவில்லை.

நேற்றுத் தோள் துண்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியே எடுத்தேன். தடவிப் பாரும் என்று எழுதியிருந்தீர்கள். தடவினேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தையல் பிசகு என்று நினைத்துப் பொக்கெற்றை உள்வெளியாகத் திருப்பி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்துத் தெரியும்.

மடு மாதா துணை.

துண்டை வைத்து, போட்டுக்கொண்டு, இடது கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். மடிகிறது. குத்தவில்லை.

வெளியே வெயில். போய் வருகிறேன் மாமி.

றொஷினி