பட்டியலில் மூன்றாவது புத்தகம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
15 யூலை, புதன்

அன்பு மகள் டிலக்ஷிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் இதைக் கதைக்க ஏலாது. உன் மச்சாள் ஜெனிதா நாளைக்கு லண்டனுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவதும், எழும்பிப் படலையடிக்குப் போய் வருவதுமாக இருக்கிறேன். அம்மா பொறுக்கமாட்டாமல், "என்னப்பா, ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நீ அனுப்பிய களிம்பைப் பூசுகிறாள், ஆனால் வேப்பெண்ணெய்தான் சுகப்படுத்துகிறது என்று சாதிக்கிறாள். மழை இல்லை. கிணறு அடி தெரிகிறது.

உன் மேற்படிப்புக்கான வாசிப்புப் பட்டியலும், ஜெனிதாவிடம் கொடுத்துவிட்ட நான்கு புத்தகங்களும் கிடைத்தன. யுத்தத்தைப் பற்றியும் கிளர்ச்சியை அடக்கும் விதங்களைப் பற்றியும் உலகத்தில் இவ்வளவு எழுதி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மட்டையில் துவக்கு ஏந்திய சிப்பாயின் படம் இருப்பதால் நான்கையும் பிறவுண் பேப்பரால் உறை போட்டு, அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். சிரிக்காதே. யுத்தம் முடிந்து எத்தனை வருடம் என்று எனக்கும் தெரியும். சூடு கண்ட பூனை நான்.

இவற்றில் எவை எங்கள் ஊரில் நடந்தவையோ அவற்றைப் பென்சிலால் குறிக்கச் சொல்லியிருந்தாய். குறித்திருக்கிறேன். முதற் புத்தகத்தில் வீடு வீடாக ஆட்களைப் பதிவது பற்றி வருகிறது. ஓம், வீட்டில் இருப்பவர்களின் பெயரெல்லாம் எழுதிய அந்தப் பதிவு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. இரண்டாவதில் மக்களின் மனதை வெல்வது என்று ஓர் அத்தியாயம். ஆமி முகாமிலிருந்து, பிடித்து வைத்த ஆட்களை விடும்போது ஆளுக்கொரு பால்மாப் பைக்கற் கொடுப்பார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. இத்தனை நாளும் அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அது உத்தி என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை எறிந்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட பால்மாவுக்காகக் கோபிக்கும் விசரனை நீ வேறெங்கும் காணமாட்டாய்.

மூன்றாவது புத்தகத்தில் மட்டும் குறி ஒன்றும் இல்லை. அறுபத்தெட்டாம் பக்கத்தில் நீ மஞ்சள் துண்டு ஒட்டி, முகம் மூடிய தகவலாளிக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டிருக்கிறாய். தலையாட்டி என்போம். சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வரிசையில் விட்டு, சாக்கால் முகம் மூடிய ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். அவன் தலையாட்டினால் பிடிப்பார்கள், ஆட்டாவிட்டால் விடுவார்கள். செலவில்லாத முறை, தகவலாளியின் அடையாளமும் காக்கப்படுகிறது என்று அந்தப் புத்தகம் ஆறு வரியில் புகழ்கிறது. சாக்குக்குள் இருப்பவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

சாம்பல்தீவுச் சுற்றிவளைப்பில் சாக்குக்குள் இருந்தவன், அதற்கு முதல் பதினொரு நாள் முகாமில் அடைபட்டுக் கிடந்தவன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடியால் எல்லா முகமும் தெரியும் என்று அவனைத் தெரிந்தெடுத்தார்கள். ஒருவரையும் காட்டுவதில்லை என்று செபமாலை சொல்லிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினான். நாற்பது பேர் வரை வந்து நின்று போனார்கள். தலை அசையவில்லை. ஆனால் அது செத்தல் மிளகாய் கட்டியிருந்த சாக்கு. கண் எரிந்து, மூக்கு அடைத்து, அடக்கி அடக்கி வைத்திருந்த தும்மல், பிரகலாதன் முன்னால் வந்து நின்றபோது வந்துவிட்டது. தலை முன்னுக்கு விழுந்தது. அவரைப் பிடித்து லொறியில் ஏற்றினார்கள்.

அது தும்மல் என்று சொல்ல இரண்டு சொல் போதும். சாக்குக்குள் வாயும் இருந்தது. திறக்கவில்லை. பின்னேரம் பால்மாப் பைக்கற்றும் கொடுத்து வீட்டுக்கு விட்டார்கள். பிரகலாதன் இன்றுவரை வரவில்லை.

அம்மா மிளகாய் வறுக்கிற நாளில் நான் கடற்கரைக்குப் போய்விடுவேன். சின்னதில் நீ அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாய். அம்மா ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை.

ஆவணியில் வந்ததும் பிரகலாதனின் மனைவி நல்லம்மாவைத்தான் உன் ஆய்வுக்கு முதலில் செவ்வி காணப் போவதாக எழுதியிருக்கிறாய். காணாமற்போனவர்களை விசாரிக்க வந்த எந்த ஆணைக்குழுவுக்கும் அவர் கொடுத்த மனு நான் எழுதியதுதான். மாஸ்டர் எழுதினால்தான் நம்பிக்கை என்பார். இனந்தெரியாத ஒருவரால் அடையாளம் காட்டப்பட்டார் என்று ஒவ்வொன்றிலும் என் கையாலேயே எழுதினேன். ஆங்கிலம் படிப்பித்தவன் அல்லவா, செயப்பாட்டு வினை கைவந்த கலை. செய்தவன் பெயர் இல்லாமலே வசனம் முடிந்துவிடும்.

போன ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வர, நல்லம்மா விளாம்பழத்தோடு வந்து இருந்தார். "உங்கட பிள்ளை கேட்டா எல்லாம் சொல்லுவன். நீங்களும் பக்கத்தில இருங்கோ மாஸ்டர், எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார். பழைய மனுக்களைத் தூசி தட்டி எடுத்தேன். எனக்குத் தும்மல் வந்தது. "நூறு வயசுக்கு இருக்கோணும்" என்று வாழ்த்தினார். அவர் போனபின் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

மகள், நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. நல்லம்மாவிடம் போகுமுன் என்னிடம் வா. முதற் செவ்வி என்னுடையதாக இருக்கட்டும். நீ அனுப்பிய சம்மதப் படிவத்தில் ஒன்றை நான் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆய்வாளருக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உனக்கு மனம் வந்தால் நீ எழுது, வராவிட்டால் நான் கோபிக்கமாட்டேன். பெயரை மறைக்க விரும்பினால் புள்ளடி இடவும் என்று கீழே ஒரு கட்டம் இருக்கிறது. நான் அதில் புள்ளடி இடவில்லை. பிறகு நல்லம்மாவிடம் இரண்டு பேருமாகப் போவோம். நான் தனியே போகத்தான் வேண்டும், தெரியும். மூன்று தரம் சாம்பல்தீவு பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

வரும்போது அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று வாங்கி வா. அங்கே கோடையிலும் குளிர்காற்றாம், தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னை ஒருபோதும் கைவிடாமல் இருக்கட்டும். என்னை நீ என்ன செய்தாலும் சரி.

இப்படிக்கு,
அந்தோனி கிறிஸ்தோபர்
(படிவத்திலும் இதே பெயர்தான்)