குருவி விரட்டும் நாற்பது புத்தகங்கள்

அன்பு மகன் சுடலைமணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சியும் ஆடு குட்டிகளும் இங்கே சுகம், பெங்களூரில் குளிராமே, காதை மூடிக்கொண்டு நீயும் சுகமாக இரு. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி முப்பிடாதிதான் எழுதுகிறாள்.

அச்சுப் புத்தகம் இனிக் கட்டுப்படியாகாது, கம்ப்யூட்டரிலேயே படித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். சரிதான் ஐயா, வயிற்றைக் கட்டிப் புத்தகம் வாங்க வேண்டாம். தீபாவளிக்கு வந்தபோது இதற்குள் நாற்பது புத்தகம் இருக்கிறது என்று தங்கச்சிக்கு ஒரு சீடி கொடுத்தாயே, அதைப் போட்டுப் பார்க்கக் கோவில்பட்டி பிரவுசிங் சென்டருக்குள் நுழைய அவளுக்குக் கூச்சம். சும்மா மினுங்கிக்கொண்டு கிடக்கிறதே என்று அப்பா அதைக் கம்மம்புஞ்சையில் குருவி விரட்டத் தொங்கவிட்டுவிட்டார். பக்கத்துப் புஞ்சைப் பிச்சையா மாமா, "வே, உம்ம மவன் புஸ்தகத்தப் படிச்சிட்டுக் குருவியெல்லாம் உத்தியோகத்துக்குப் போயிட்டு போலுக்கே, ஒண்ணையும் காணோம்" என்கிறார். அப்பாவுக்கு அதிலும் பெருமைதான்.

ஆனால் ஒன்று கேள். போன வாரம் தங்கச்சி வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசுக்கு அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். வேப்பமரத்தடியில் பொம்பளைகள் கூடி உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு பிள்ளை நீ முன்பு அனுப்பிய கதைப் புத்தகத்தை வாசிக்கிறது. "ஏட்டி, சத்தமா வாசி, பின்னால இருக்கவிய மனுசங்க இல்லையா" என்று ஒருத்தி அதட்டவும் குரல் உயருகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் நம் முப்பிடாதி! எட்டாவதோடு நின்றவள், விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போகிறவள். சோற்றுவாளியை இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்றேன். உன்னால் ஊரில் தலை நிமிர்ந்தேன், அன்றைக்கு இவளாலும் நிமிர்ந்தேன். இதை எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், அதட்டித்தான் எழுத வைத்தேன். அந்தப் புத்தகம் முடியப் போகிறது, "அடுத்தது எப்பம்ட்டி வரும்" என்று எல்லாரும் கேட்கிறார்கள், இவள் வாசித்த அத்தியாயத்தையே திரும்ப வாசித்து நாளைக் கடத்துகிறாள்.

கம்ப்யூட்டரைச் சோற்றுவாளியோடு தூக்கிப்போக முடியுமா? உனக்கு வேண்டியதை அதிலேயே படி. அதில் மிச்சமாகிற காசைச் சேர்த்து ஒரு புத்தகம், பழைய கடையில் அட்டை கிழிந்தது கிடைத்தாலும் சரி, தாளில் வாங்கி அனுப்பு. முதல் பக்கத்தில் உன் பெயருக்குப் பதிலாக இவள் பெயரை எழுது. பொங்கலுக்கு வர இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. சுடலைமாடசாமி உனக்கு எப்போதும் துணை நிற்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா ஆறுமுகத்தாய்

அண்ணே, பெயர் எழுதாமல் அனுப்பு. நானே எழுதிக்கொள்கிறேன். முப்பிடாதி.