இரண்டுக்கு இரண்டில் முடிந்த ஆட்டம்

இன்று காலை, டென்மார்க்கின் இந்த இஷொய் மைதானத்தில் காரை விட்டு இறங்கியதும் ஈரப் புல்லின் வாசமும், யாரோ முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்த நோவெண்ணெயின் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறின. ஐந்து வருடமாகியும் அந்த நாள் என்னை விடவில்லை, மச்சான்.

அன்று ஹேர்னிங்கிலிருந்து ஒரே காரில் வந்தோம். யாழ்ப்பாணத்து இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்கள் வருடாவருடம் ஆடும் உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டி. நீ உன் கல்லூரிக்குக் கோல் காப்பவன். நான் இரண்டிலும் படிக்காதவன். அதனாலேயே என்னை நடுவராக்கியிருந்தார்கள். "எங்கடை பக்கம் ஊதாட்டி, திரும்பி ரயிலிலைதான் வருவாய்" என்று வழி நெடுகச் சீண்டினாய். பின் இருக்கையில் உன் மனைவி சிரித்துக்கொண்டு வந்தாள்.

இடைவேளையில் உங்கள் பக்கம் இரண்டு கோல், மற்றப் பக்கம் ஒன்று. தண்ணீர்ப் போத்தலோடு என்னை ஓரமாகக் கூப்பிட்டாய். முகம் வெளிறியிருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

"நெஞ்சுக்குள்ளை இறுக்கிப் பிடிக்கிற மாதிரிக் கிடக்கடா."

"அப்ப விளையாடாதை. வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"விசர்க் கதை கதையாதை. வாயுவா இருக்கும். அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

நான் ஓம் என்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

இரண்டாம் பாதியில் என் கண் பந்தில் இல்லை. கம்பத்தில் சாய்கிறாயா, கையை உதறுகிறாயா, மூச்சு வாங்குகிறாயா என்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணிக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டிவிட்டுத்தான் கோல் அடித்தானாம். மைதானமே கத்தியது. நான் காணவில்லை. கோல் என்று கொடுத்துவிட்டேன்.

நீ சண்டைக்கு ஓடிவருவாய் என்று நினைத்தேன். வரவில்லை. கம்பத்தைப் பிடித்தபடி குனிந்து நின்றாய். அதற்குப் பிறகுதான், இன்னும் ஐந்து நிமிடம் மீதியிருக்க, நீளமாக ஊதினேன். ஆட்டம் முடிந்தது, சமநிலை, பெனால்டியும் இல்லை என்று அறிவித்தேன். இரண்டு பக்கத்தாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உனக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாதே?"

அவர்களைத் தள்ளிக்கொண்டு உன்னிடம் ஓடிவந்தால், நீயும் அதே கோபத்தோடு நின்றாய். "ஏன்டா ஊதினனி? பெனால்டியிலை நான் பிடிச்சிருப்பன்." சொல்லிக்கொண்டே முழங்காலில் விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன் மனைவி வெளியே பிள்ளைகளோடு தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தாள். வலி எப்போது தொடங்கியது என்று வைத்தியர் என்னைக் கேட்டார். இடைவேளையில் என்றேன். எழுதுவதை நிறுத்தி, உடனே வந்திருக்க வேண்டும் என்றார்.

நீ பிழைத்தாய். கிண்ணத்தை ஆறு மாதம் அவர்கள், ஆறு மாதம் நீங்கள் என்று பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் வேலை செய்த தொழிற்சாலைக்கு நீ திரும்பவில்லை. மாடிப்படியில் நின்று நின்று ஏறினாய். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. போன குளிர்காலத்தில் உன் இதயம் நின்றுபோனது. செத்தவீட்டில் உன் மனைவி என்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள் அண்டைக்கு ஊதினபடியால்தான் அவர் இவ்வளவு காலம் இருந்தவர்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

இன்று கிண்ணம் கொடுக்க அவளை அழைத்திருந்தார்கள். கூடாரத்துக்குள் தனியாக இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"தங்கச்சி, அண்டைக்கு அவன் எனக்கு இடைவேளையிலேயே சொன்னவன். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவன். நான் சொல்லேல்லை."

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்த நேரம் நான் பத்தடி தள்ளித்தானே அண்ணை இருந்தனான், ஒரு குரல் குடுத்திருக்கலாமே" என்றாள். போய்விட்டாள்.

இனி என்னோடு கதைப்பாளோ தெரியாது. நான் ஐந்து நிமிடம் முந்தி ஊதிவிட்டேன் என்று இன்றைக்கும் இங்கே பகிடி பண்ணுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். இடைவேளையிலேயே ஊதாமல் நாற்பது நிமிடம் பிந்தி ஊதியவன் நான் என்பது உனக்குத் தெரியும். இப்போது அவளுக்கும் தெரியும். அந்த நாற்பது நிமிடமும் என்னோடுதான் இருக்கிறது, மச்சான்.