சட்டைப் பையில் வந்த பால்

என் ராசா அண்ணே,

நேற்று நம் தோட்டத்தை மேய்க்கிற சின்னத்துரையின் முகம் வெளிறிப் போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. இத்தனை நாளில் என் வயிறு குளிர்ந்தது நேற்று ஒரு நாள்தான்.

முதலில் இருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரியாத கதையும் இதில் இருக்கிறது. பதினோரு வருஷம் மருந்துக் கேனை முதுகில் சுமந்து தேயிலை மலையில் புல்லுக்கு மருந்து அடித்தாய். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் மருந்து வேலைக்குப் பேர் விழுந்தால் லயத்து வீடு அத்தனையும் பொறாமைப்படும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம் இல்லையா. கேன் ஒழுகி உன் முதுகெல்லாம் தோல் உரிந்தபோது, "சும்மா சொறி புள்ள, தேங்காய் எண்ணெய் தடவு" என்றாய். நானும் தடவினேன்.

முகமூடியும் கோட்டும் கையுறையும் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. தேருக்கு மட்டும் வெளியே எடுக்கிற சாமி நகை மாதிரி ஸ்டோரில் பூட்டிக் கிடந்தன. தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டு ஆட்கள் வரும் நாளில் உங்களுக்குப் போட்டுவிட்டு, சாயங்காலமே எண்ணி வாங்கிக்கொள்வார்கள். மற்ற நாளுக்கெல்லாம் பால். மருந்து அடிக்கிற ஆளுக்கு ஒரு பால் பாக்கெட். "பால் குடிச்சா மருந்து முறிஞ்சிரும்" என்று சின்னத்துரை பெரட்டிலேயே சொல்லுவார். நாமும் நம்பினோம்.

நீ அந்தப் பாலைக் குடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணி முழுகாமல் இருந்த நாளெல்லாம் அதைக் குடிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே மலை முழுக்க மருந்து அடித்தாய். வீட்டுக்கு வந்ததும் ஈரச் சட்டையோடு, "இந்தா ஜெயந்தி, ஒனக்குத்தான் இப்ப பால் வேணும்" என்று நீட்டுவாய். உறிஞ்சுகிற குழல் எங்கேயோ விழுந்திருக்கும். அண்ணி பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் திறப்பாள். பெண்டாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று நான் கேலி பண்ணுவேன்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் போனது. இரண்டாவது ஏழாம் மாதம். லயம் என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும். யார் முதலில் சொன்னது என்று உனக்குத் தெரியாது. நான்தான் அண்ணே. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது நாலு பேர் காதுபட, "அந்த வயித்துக்குப் புள்ள தங்குற ராசி இல்ல" என்றேன். அந்த வாயில் புழுத் தள்ள வேண்டும். பிறகு எல்லோருமாக அண்ணியை மொனராகலை வழியாகப் பஸ் ஏற்றிக் கதிர்காமத்துக்குக் கொண்டுபோய் நேர்த்தி வைத்தோம்.

மூன்றாவதாகக் காவ்யா தங்கினாள். முருகன் கொடுத்தான் என்றோம். அதற்கு முந்தின வருஷமே உன்னைத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். நீ கத்திதான் பிடித்தாய், கேனைத் தொடவில்லை, வீட்டுக்குப் பாலும் வரவில்லை. இதை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு வயது முடிவதற்குள் உன்னைத் திரும்ப மருந்துக்கே போட்டுவிட்டார்கள். அப்புறம் ரத்தத்தில் புற்றுநோய் வந்து, எட்டே மாதத்தில் போய்விட்டாய்.

இனி உனக்குத் தெரியாத கதை. காவ்யாவுக்கு ஐந்து வயதாகிறது. அடிக்கடி காய்ச்சல், காலில் காரணமில்லாமல் நீலம் பூத்த திட்டு. நானும் அண்ணியும் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா உன் வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். நான் பால் கதையையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"பாக்கெட்ட எங்க வச்சிருந்தாருன்னு சொன்னீங்க?"

"சட்டப் பையிலங்க."

நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சில மருந்து ரத்தத்துக்குள்ள போயி மரபணுவையே ஒடைக்கும். அப்பாகிட்ட ஒடஞ்சது புள்ளைக்கு வந்திருக்குன்னு நான் சொல்லல. வரலன்னும் சொல்ல முடியாது. பயப்படாதீங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்துக்கிட்டே இருப்போம். அவரு என்னென்ன மருந்து, எத்தன வருஷம் அடிச்சாருன்னு தோட்டத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. எதத் தேடுறதுன்னு எனக்குத் தெரியணும்."

ஒரு கடிதம், அவ்வளவுதான் கேட்டது. மூன்று தரம் ஆபீஸ் வாசலில் நின்றேன். "ஒங்க அண்ணன் புல்லு வெட்டுற ஆளு. எப்பவாச்சும் ஒரு நாள் மருந்து அடிச்சிருப்பான்" என்றார் சின்னத்துரை. நீ நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வெலிமடைக்கு உருளைக்கிழங்குத் தோட்டக் கூலிக்குப் போனது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "கெழங்குத் தோட்டத்துல அடிச்சானே, அங்க போய்க் கேளு" என்றார். கடைசியில் கை கழுவுகிற மாதிரி, "தெனம் பால் குடுத்தோம், வேற என்ன செய்ய?" என்றார்.

"புல்லு வெட்டுறவனுக்கு எதுக்குங்க சார் தெனம் பால்?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் என்ன நினைத்தேன் தெரியுமா? அவர் பங்களாவின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மூடி மருந்தை ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் எதற்குப் பொய்? அந்த வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது, அதனால் விட்டேன். அவருக்காக விடவில்லை.

நேற்று வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். பார்த்துப் போகிற இடங்களில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவும் ஒன்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளுக்குப் புதுத் தொட்டில் துணி எல்லாம் கட்டியாயிற்று. முந்தின நாளே உன் கூட்டாளி சந்திரண்ணனிடம் ஒரு உதவி கேட்டு வைத்திருந்தேன். "மாட்டிவிட்றாத தங்கச்சி" என்றார். ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தார்.

தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரம்மா, கொழும்பிலிருந்து மொழி சொல்ல வந்த ஒரு தமிழ்ப் பெண், கூடவே சின்னத்துரை. மருந்து அடிக்கிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று அந்தம்மா கேட்டார். சின்னத்துரை கீழ் மலையில் புதுக் கோட்டோடு நின்ற சந்திரண்ணனைக் கை காட்டினார். தினமும் பாலும் கொடுக்கிறோம் என்று சேர்த்துக்கொண்டார்.

நான் சந்திரண்ணன் கொடுத்ததைப் போட்டு அலமாரியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "சார், இது நேத்து மருந்து அடிக்கிறப்ப சந்திரண்ணன் சட்டப் பையில கெடந்த பால். மருந்த முறிக்கிற பால்னு நீங்கதான சொல்லுவீங்க. மூலையப் பல்லால கடிச்சு ஒரு வாய் குடிங்க. எங்க அண்ணி அப்படித்தான் குடிச்சாங்க."

அவர் சிரித்தார். "வெளையாடாத புஷ்பா, புள்ளைங்களப் பாரு" என்றார். கொழும்புப் பெண் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தம்மா சின்னத்துரையையே பார்த்தார். வேறு வழியில்லாமல் அவர் கையை நீட்டினார். பாக்கெட்டில் மருந்துத் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறையைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். இழுத்த கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

தொடாத கையை எதற்கு அண்ணே துடைக்க வேண்டும்?

அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் உங்கள் கையில் பாலைக் கொடுத்துவிட்டு, பூட்டிய ஸ்டோரின் சாவியைத் தன் பையில் வைத்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடு ஒரு சந்தோஷமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் அவர் நெளிய வேண்டும் என்று பாக்கெட்டை நீட்டியபடியே நின்றேன். அந்தம்மாவே வந்து என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். கடிதத்துக்கு அலைந்த கதையையும் அவரிடம் சொன்னேன்.

இன்று காலை இரண்டு காகிதம் வந்தன. ஒன்று, நாளையிலிருந்து நான் பிள்ளைக்காம்பராவுக்கு வர வேண்டாம் என்பது. மற்றது, அந்தம்மாவுக்குப் பயந்து கொடுத்தது, டாக்டரம்மா கேட்ட கடிதம். நாலு மருந்தின் பேர், பதினோரு வருஷம், கீழே சின்னத்துரையின் கையெழுத்து. சந்திரண்ணனைத் தூரத்து மலைக்கு மாற்றிவிட்டார்கள். "போனா போவுது, அங்க நல்ல காத்து" என்கிறார். நான் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொன்னாலும் சொல்வார்கள், சொல்லட்டும்.

நாளை காவ்யாவையும் கடிதத்தையும் கொண்டு பதுளைக்குப் போகிறோம். "புள்ளைக்கு ஒன்னுமில்லன்னு வந்துட்டா விட்டுருவியா புஷ்பா?" என்று அண்ணி கேட்டாள். மாட்டேன் என்றேன். ஒன்றுமில்லை என்று வரட்டும், ஆயிரம் தேங்காய் உடைக்கிறேன். ஆனால் விட மாட்டேன். சின்னத்துரை எந்தத் தோட்டத்துக்கு மாறிப் போனாலும் அந்த லயத்துக்கு நான் போவேன். அங்கே மருந்து அடிக்கிறவர்களின் பெண்டாட்டிகளை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்வேன். தொழில் கோர்ட்டோ வேறு எந்தக் கோர்ட்டோ, அந்தக் கையெழுத்தோடு படி ஏறுவேன்.

அங்கே அவரிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான். அண்ணியின் முகத்தைப் பார்த்து, "குத்தம் ஒன் வயித்துல இல்லம்மா" என்று அவர் சொல்ல வேண்டும். இன்று அடுப்படியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லிவிட்டேன். அவள் என்னை எழுப்பிவிடவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள். அது சரிதான். அவரையும் அதே மாதிரி அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள், காவ்யாவின் அத்தை,
புஷ்பா